பின்வாசல் ஸ்லைடிங் கொசுவலைக் கதவை நாமே சரி பண்றது: எல்லாரும் என்கிட்ட கேக்கற கேள்விகள்

நான் தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல சாட்ஸ்வர்த்ல இருக்கேன், கல்யாணம் ஆகி காரைக்குடி பக்கத்துலேருந்து வந்தவ. எங்க வீட்டு லவுஞ்சுலேருந்து பின்பக்க வராண்டாவுக்குப் போற கண்ணாடிக் கதவுக்கு வெளிய ஒரு வலைக் கதவு இருக்கு, இந்தப் பதினஞ்சு வருஷத்துல அதை ஏழெட்டு தடவை கழட்டி மாட்டியாச்சு. முதல் ரெண்டு தடவை மாமனார் பண்ணாரு நான் டார்ச் பிடிச்சேன், அப்புறம் அவருக்கு முட்டி வலி வந்ததும் நான் பண்றேன் அவரு சேர் போட்டு உக்காந்து குறை சொல்றாரு. இது தெரிஞ்சதும் கோயில்ல பாக்கற அக்காங்க, எதிர்வீட்டு ஆயா, இதே டர்பன்ல ஃபீனிக்ஸ்ல இருக்கற நாத்தனாருன்னு எல்லாரும் போன் போட்டு இதே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

கதவு நகரவே மாட்டேங்குது, புது ரோலர் (கதவுக்கு அடியில இருக்கற சக்கரம்) வாங்கணுமா?

வாங்காதீங்க, முதல்ல டிராக்கைப் பாருங்க. கீழ கதவு ஓடற அந்தத் தண்டவாளத்துல என்ன இருக்குன்னு குனிஞ்சு பாத்தவங்க கம்மி, நாய் முடி, மணல், செத்த எறும்பு, தீபாவளிக்கு வெடிச்ச பட்டாசுக் காகிதம், எங்க வீட்டுல ஒரு தடவை பாதி முறுக்கு கிடைச்சது. வேக்கம் க்ளீனர் இருந்தா முதல்ல காய்ஞ்ச குப்பையை உறிஞ்சி எடுங்க, அப்புறம் பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் போட்டுத் தேய்ச்சு, துணியில துடைச்சு, நல்லா காய விடுங்க. பாதி பேருக்கு இதோடயே பிரச்சனை தீந்துடும்.

அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், காருக்குப் போடற கிரீஸ், இது எதையும் டிராக்ல ஊத்தாதீங்க ப்ளீஸ். ரெண்டு நாள் வழுக்கிட்டுப் போகும், மூணாவது வாரம் அந்த எண்ணெய்ல மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆயிடும், அதுதான் ரோலரைத் தின்னுடும். சிலிக்கான் ஸ்ப்ரே கிடைச்சா லேசா அடிங்க, இல்லைன்னா ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை எடுத்து தண்டவாளத்து மேல நாலு தடவை தேய்ச்சு விடுங்க. 2023-ல லோட்ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, உச்சத்துல இருந்தப்போ வாங்கிக் குவிச்ச மெழுகுவர்த்தி எல்லார் வீட்டு டிராயர்லயும் இன்னும் கிடக்கு, அதுக்கு ஒரு வழி.

சுத்தம் பண்ணியும் கதவு கீழ உரசுது, இல்லைன்னா டிராக்கை விட்டு வெளிய குதிச்சுடுது. ஏன்?

கதவோட அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சில கதவுல சைடுல, சிலதுல முன்பக்கமே, அதுக்குள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. அதைத் திருப்பினா ரோலர் கீழ இறங்கும் அல்லது மேல ஏறும், அதாவது கதவு உயரும் அல்லது தாழும். எந்தப் பக்கம் திருப்பினா என்ன ஆகும்னு கதவுக்குக் கதவு மாறுது, அதனால கால் சுத்து திருப்பிட்டு கண்ணால பாருங்க. உரசுதுன்னா ரெண்டு ரோலரையும் கொஞ்சம் இறக்கணும், கதவு மேல எழும்பும். ஒரு பக்கம் மட்டும் இறக்கினா கதவு சாய்ஞ்சு நிக்கும், மூடும்போது மேல ஒட்டி கீழ ஒரு விரல் இடைவெளி விட்டுடும், கொசுவுக்கு அது ராஜபாட்டை. கதவைக் கிட்டத்தட்ட மூடி, அந்த ஓரமும் வாசல் ஃபிரேமும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே இடைவெளியா இருக்கான்னு பாத்துட்டே திருப்புங்க.

சில கதவுல மேலயும் ரெண்டு ரோலர் இருக்கும், மொத்தம் நாலு. கதவு குதிக்குதுன்னா மேல்பக்கம் டிராக்குக்குள்ள போதுமான அளவு நுழையலைன்னு அர்த்தம், இல்லைன்னா பசங்க கதவுல தொங்கி அந்த மெல்லிசு அலுமினிய டிராக் உதடு வளைஞ்சிருக்கும். வளைஞ்சிருந்தா ஒரு மரக்கட்டையை வச்சு பிளையர்ல மெதுவா நிமித்துங்க, வெறும் பிளையரைப் போட்டுக் கடிச்சா அலுமினியம் கிழிஞ்சுடும்.

ரோலர் நிஜமாவே போச்சுன்னு எப்படித் தெரியும்?

கழட்டி விரலால சுத்திப் பாருங்க. சுத்தாம தேய்ஞ்சு ஒரு பக்கம் தட்டையா இருக்கா, நடு அச்சு துருப்பிடிச்சு ஆடுதா, போச்சு. புதுசு வாங்கப் போறப்போ பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க, போட்டோ பத்தாது, சக்கரத்தோட விட்டம் ஒண்ணா இருந்தாலும் அது உக்காந்திருக்கற பெட்டியோட அகலம் மாறும். ரெண்டையும் சேத்தே மாத்துங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா கதவு நொண்டும்.

ப்ளஃப், அம்லாங்கா, அமன்சிம்டோட்டின்னு கடலோரமா இருக்கறவங்க நைலான் சக்கரம் கேட்டு வாங்குங்க. அங்க காத்துல உப்பு, சாதா இரும்பு ரோலர் சீக்கிரம் துருப்பிடிச்சுடும். ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா பாருங்க, கடல் காத்துக்கு 304-ஐ விட 316 கிரேட் நல்லா தாங்கும். அலுமினிய ஃபிரேம்ல சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டு உப்பும் ஈரமும் சேந்தா ரெண்டு உலோகமும் தொடற இடத்துல அலுமினியம் அரிச்சு, கழட்டவே முடியாதபடி வெள்ளைப் பொடி கட்டிடும்.

கதவை எப்படிக் கழட்டறது? எனக்கு பயமா இருக்கு.

கண்ணாடிக் கதவு இல்லைக்கா, வலைக் கதவுதான், ஒரு கையில தூக்கற கனம். ஆனா நீளம் ஜாஸ்தி, அதனால வளையும், இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கங்க. ஸ்க்ரூவைத் திருப்பி ரோலரை உள்ள ஏத்துங்க, கதவை ரெண்டு கையாலயும் மேல தூக்கி மேல் டிராக்குக்குள்ள நல்லா தள்ளுங்க, அப்போ அடிப்பக்கம் தண்டவாளத்தைத் தாண்டும், அடியை உங்க பக்கம் இழுத்து, கதவைக் கீழ இறக்குங்க. ரோலர் தாண்ட மாட்டேங்குதுன்னா ஒரு தட்டை திருப்புளியை அடியில விட்டு ரோலரை மட்டும் மேல நெம்புங்க. முதல் வேலை, கழட்டறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க, கைப்பிடி எந்தப் பக்கம், வலையைப் பிடிச்சிருக்கற ரப்பர் கயிறு உள்ள பாத்து இருக்கா வெளிய பாத்து இருக்கான்னு. நான் ஒரு தடவை தலைகீழா மாட்டிட்டு கொக்கி ஏன் கிட்டயே வரமாட்டேங்குதுன்னு அரை மணி நேரம் முழிச்சேன், மாமனார் பாத்துட்டே இருந்தாரு, சொல்லலை.

சின்ன ஓட்டைதான். முழு வலையும் மாத்தணுமா?

வேணாம். ஒரு குச்சி குத்தின அளவு ஓட்டைன்னா நகர்ந்த இழையை ஊசியால திரும்ப இடத்துக்குத் தள்ளிட்டு, மேல கலர் இல்லாத நெயில் பாலிஷ் ரெண்டு சொட்டு விடுங்க. ரெண்டு மூணு இஞ்சு நேரா கிழிஞ்சிருந்தா தூண்டில் நரம்பு வச்சு தைச்சுடலாம், இந்த ஊர்ல மீன் பிடிக்கப் போற ஆள் ஒருத்தராவது குடும்பத்துல இருப்பாங்க, ஒரு முழம் கேட்டா குடுப்பாங்க. தைக்கும்போது இறுக்காதீங்க, சுருங்கிடும்.

அலுமினிய வலைன்னா இன்னும் அழகான வழி ஒண்ணு. அதே மாதிரி வலையில ஓட்டையை விட நாலு பக்கமும் ஒரு இஞ்சு பெருசா ஒரு துண்டு வெட்டி, நாலு ஓரத்துலயும் ரெண்டு மூணு கம்பியை உருவிடுங்க, அப்போ ஓரமெல்லாம் மீசை மாதிரி நீட்டிட்டு நிக்கும். அந்த மீசையை 90 டிகிரி மடக்கி, ஓட்டை மேல வச்சு அழுத்தினா கம்பியெல்லாம் அந்தப் பக்கம் வரும், அங்க மடிச்சு விட்டுடுங்க. பசையே வேணாம்.

ஆனா வலையைத் தொட்டாலே நொறுங்குதுன்னா, இல்லை ரப்பர் ஓரமா நீளமா விட்டுப் போச்சுன்னா ஒட்டுப் போடறது வீண் வேலை, மாத்திடுங்க.

என்ன வலை வாங்கறது? கடையில நாலு விதம் காட்டறாங்க.

பெரும்பாலான வீட்டுக்கு ஃபைபர்கிளாஸ் வலை போதும். மேல பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், துருப்பிடிக்காது, மடிஞ்சாலும் தழும்பு விழாது, கத்துக்கறவங்களுக்கு இதான் சுலபம். வழக்கமா 18×16னு போட்டிருக்கும், அதாவது ஒரு இஞ்சுக்கு ஒரு பக்கம் 18 இழை, இன்னொரு பக்கம் 16 இழை, கொசுவுக்கு அது போதும். கொசுவை விடப் பொடியா கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிக்குதுன்னா 20×20 மாதிரி நெருக்கமான வலை கேளுங்க, ஆனா காத்து கொஞ்சம் கம்மியாத்தான் வரும், டிசம்பர் ஜனவரி புழுக்கத்துல அது தெரியும்.

அலுமினிய வலை விறைப்பா நிக்கும், ஆனா ஒரு தடவை மடிஞ்சா மடிஞ்சதுதான், கடலோரத்துல வெள்ளை வெள்ளையா அரிச்சுப் போகும். பூனை நாய் இருக்கற வீட்டுக்கு பாலியெஸ்டர் இழையில வினைல் பூசின பெட் மெஷ்னு ஒண்ணு வருது, தடியா இருக்கும், வெளிச்சமும் கொஞ்சம் மறைக்கும். அது கிழியாதுன்னு இல்ல, லேட்டா கிழியும். கலர்ல கறுப்புதான் என் ஓட்டு, வெள்ளை வலை வெயில் பட்டா பளபளன்னு கண்ணைக் கூசும், கறுப்பு போட்டா வெளிய இருக்கற மாமரம் தெளிவாத் தெரியும்.

மலேரியாவுக்காக நெருக்க வலை வேணுமான்னு ஊர்லேருந்து வந்த என் தம்பி கேட்டான். டர்பன்ல மலேரியா பரவல் இல்ல, அது இந்த மாகாணத்துல வடக்க, மொசாம்பிக் எல்லையை ஒட்டின பக்கம்தான். இங்க வலை போடறது ராத்திரி தூக்கத்துக்காக.

அந்த ரப்பர் கயிறு எந்த சைஸ்?

அதுக்குப் பேரு ஸ்ப்ளைன். ஃபிரேமைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், வலையை அதுக்குள்ள வச்சு இந்தக் கயிறை மேல அழுத்தினா வலை மாட்டிக்கும், மொத்தக் கதவோட ரகசியமும் இவ்வளவுதான். பழைய ஸ்ப்ளைன் துண்டு ஒண்ணை வெட்டி கடைக்கு எடுத்துட்டுப் போங்க, ஆனா பழசு வெயில்ல காய்ஞ்சு சுருங்கியிருக்கும், அதனால பள்ளத்தோட அகலத்தையும் அளந்துக்கங்க. பொதுவா மூணு மில்லிமீட்டர்லேருந்து ஆறு வரைக்கும் இருக்கு. தடி வலை போட்டா ஒரு சைஸ் ஒல்லியான ஸ்ப்ளைன் வேணும், வலையே பாதி பள்ளத்தை அடைச்சுக்கும்ல. இதை மறந்துதான் நாத்தனாரு பூனைக்காக தடி வலை வாங்கி, பழைய சைஸ் ரப்பரையே போட்டு, மூணு மணி நேரம் கட்டை விரலால குத்தி நகம் கறுத்துப் போய் எனக்கு போன் பண்ணாங்க.

பழசையே திரும்பப் போடலாமான்னா, வளைச்சுப் பாருங்க, வெடிப்பு விட்டா தூக்கிப் போட்டுடுங்க. மெத்துன்னு இருந்தா போடலாம், ஆனா புதுசு ஒண்ணும் பெரிய காசு இல்ல.

சரி, வலையை மாத்தறது எப்படி? விலாவாரியா சொல்லுங்க.

இதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க. வேணுங்கறது: வலை (ஃபிரேமை விட நாலு பக்கமும் ரெண்டு இஞ்சு பெருசா), ஸ்ப்ளைன், புது பிளேடு போட்ட கட்டர், தட்டை திருப்புளி, அப்புறம் ஸ்ப்ளைன் ரோலர்னு ஒரு கைக்கருவி, பீட்சா வெட்டற சக்கரம் மாதிரி ரெண்டு முனையிலயும் சக்கரம் இருக்கும். கருவி இல்லாமலும் பண்ணலாம்னு சிலர் சொல்லுவாங்க, பண்ணலாம், ஆனா வலையில ஓட்டை விழும், அப்புறம் அழணும். கிளவுஸ் போடுங்க, பழைய ஃபைபர்கிளாஸ் இழை தோல்ல பட்டா அரிக்கும்.

கதவை சமதளத்துல படுக்க வைங்க, கராஜ் தரையோ டைனிங் டேபிளோ, புல்லு மேல வேணாம். முதல்ல ஃபிரேமோட மூலைவிட்டம் ரெண்டையும் அளங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும், மூணு நாலு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா ஃபிரேம் கோணியிருக்கு, இப்பவே தட்டி நேராக்கிடுங்க, வலை போட்டப்புறம் முடியாது. மூலையில உள்ள இருக்கற பிளாஸ்டிக் பீஸ் உடைஞ்சிருந்தாலும் இப்பவே மாத்தணும். ஸ்ப்ளைன் முனை எங்கயாவது தெரியும், திருப்புளியால நெம்பி, பிடிச்சு உருவுங்க, வாழைநார் மாதிரி வந்துடும். பள்ளத்தை டூத்பிரஷ்ல சுத்தம் பண்ணுங்க, மண்ணு இருந்தா புது ரப்பர் உக்காராது.

இப்போ முக்கியமான இடம். புது வலையை மேல விரிங்க, இழைங்க ஃபிரேமுக்கு நேரா போகுதான்னு பாருங்க, கோணலா போட்டா கடைசி வரைக்கும் கோணல்தான். சுருள்லேருந்து வந்த மடிப்பு இருந்தா பத்து நிமிஷம் வெயில்ல போட்டா தளர்ந்துடும், ஸ்ப்ளைன் விறைப்பா இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில ஊற வைங்க. ஒரு மூலையில ஆரம்பிச்சு, நீளப் பக்கமா, ஸ்ப்ளைனை வலை மேல வச்சு, நடுவுல குழிஞ்ச சக்கரத்தால அழுத்தி உருட்டுங்க, கொஞ்சம் கொஞ்சமா, முன்னும் பின்னும். அலுமினிய வலைன்னா முதல்ல ரப்பர் இல்லாம, விளிம்பு உருண்டையா இருக்கற இன்னொரு சக்கரத்தால வலையை மட்டும் பள்ளத்துக்குள்ள மடக்கிக்கங்க, அப்புறம் ரப்பர். மூலை வந்ததும் ஸ்ப்ளைனை வெட்டாதீங்க, திருப்புளி முனையால உள்ள குத்தி திரும்பி அடுத்த பக்கம் போங்க.

அப்புறம் வலையை இழுக்காதீங்க. இழுக்காதீங்க. கட்டில் நாடா மாதிரி டிங்குன்னு இருக்கணும்னு எல்லாருக்கும் ஒரு ஆசை, நானும் முதல் தடவை பல்லைக் கடிச்சு இழுத்து மாட்டினேன், பாக்க அட்டகாசமா இருந்தது, நிமித்தி வச்சா ஃபிரேம் நடுவுல உள்வாங்கி உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிப் போச்சு, ரெண்டு பக்கமும் கொசு வர்ற மாதிரி சந்து. அலுமினிய ஃபிரேம் பாக்கத்தான் கெட்டி, நீளப் பக்கம் சுலபமா வளையும். ரப்பரை அழுத்தும்போது அதுவே வலையை இழுத்துக்கும், நீங்க கையால சுருக்கம் இல்லாம தடவி விட்டா மட்டும் போதும். இன்னும் பாதுகாப்பு வேணும்னா ஒரு பலகை மேல கதவை வச்சு, நீளப் பக்கம் ரெண்டுக்கும் உள்ஓரமா ஆளுக்கு ஒரு மரக்கட்டையை ஆணி அடிச்சு நிறுத்துங்க, ஃபிரேம் உள்ள வர முடியாது.

எங்கயாவது சுருக்கம் வந்தா பதறாதீங்க, அந்த இடம் வரைக்கும் ஸ்ப்ளைனை உருவி திரும்பப் போடலாம், எத்தனை தடவை வேணும்னாலும். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மிச்ச வலையை வெட்டணும், பிளேடை ஸ்ப்ளைனோட வெளிஓரத்துல வச்சு, முனை வெளிப்பக்கம் சாய்ஞ்ச மாதிரி, மெதுவா. பழைய பிளேடா இருந்தா இழையைப் பிடிச்சு இழுத்துடும், அதனாலதான் புதுசு சொன்னேன். முதல் தடவை ரெண்டு மணி நேரம் ஆகும், அடுத்த தடவை நாற்பது நிமிஷம்.

கொக்கி மாட்டவே மாட்டேங்குது.

ரோலரை ஏத்தி இறக்கினதுல கதவு உயரம் மாறியிருக்கும். வாசல் ஃபிரேம்ல கொக்கி போய் மாட்டற அந்தத் தகடு ரெண்டு ஸ்க்ரூவுல நிக்குது, ஓட்டை நீளமா இருக்கும், ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலயோ கீழயோ நகத்துங்க.

விருந்தாளிங்க கதவு இருக்கறது தெரியாம நேரா வலையில போய் மோதறாங்க.

கறுப்பு வலையோட ஒரே குறை இது. ஒரு தீபாவளிக்கு எங்க கொழுந்தன் பையன் சமூசா தட்டோட அப்படியே வலைக்குள்ள நடந்து போய், கதவு, தட்டு, பையன் எல்லாம் வராண்டாவுல. கண் உயரத்துலயும் குழந்தைங்க உயரத்துலயும் ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டுங்க. நான் கோலம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்.

குரங்கு கிழிக்காத வலை எது?

இல்லை. எங்களுக்கு சில்வர்க்ளென் காட்டுப் பக்கத்துலேருந்து குரங்கு வரும், சின்ன சாம்பல் கலர் குரங்கு, மூஞ்சி கறுப்பு, விரல் நம்ம விரலை விட சாமர்த்தியம். அது வலையைக் கிழிக்கறது கூட இல்ல, கொக்கி போடலைன்னா கதவைத் தள்ளித் திறந்துட்டு வந்து வாழைப்பழத்தை எடுத்துட்டுப் போகுது. கொக்கி போட்டா அப்புறம் கிழிக்குது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையை கெட்டி ஃபிரேம்ல ஸ்க்ரூ போட்டு இறுக்கற செக்யூரிட்டி கதவு வேற கதை, அது நம்ம கையால பண்ற வேலை இல்ல. சாதாரண வலைக் கதவு பூச்சிக்கு மட்டும்தான், குரங்குக்கும் திருடனுக்கும் இல்ல. பழத்தை உள்ள வைங்க, ஆள் இல்லாதப்போ கண்ணாடிக் கதவை மூடுங்க, பாவம்னு சொல்லி மிச்ச ரொட்டியைப் போடாதீங்க, நம்ம எதிர்வீட்டு ஆயாவுக்குத்தான் சொல்றேன்.

வாடகை வீடு, எதையும் கழட்டக் கூடாதுன்னு ஓனர் சொல்றாரு.

வெல்க்ரோவுல ஒட்டற, நடுவுல காந்தம் வச்ச வலைத் திரை கிடைக்குது. காத்து பலமா அடிச்சா திறந்துக்கும், ஆனா ஒரு சீசனுக்கு ஓட்டலாம்.

மடிப்பு மடிப்பா விசிறி மாதிரி மூடற வலைக் கதவு அறுந்து போச்சு, அதையும் பண்ணுவீங்களா?

அதுக்குள்ள நூல் ஓடும், எல்லா நூலும் ஒரே இழுப்புல இருக்கணும், ஒண்ணு அறுந்தா மொத்தமும் சாயும். ஒரு தடவை திறந்து பாத்தேன், திரும்ப மூட ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. அதை நான் தொடறதில்ல.

எப்படிப் பராமரிக்கறது?

மாசம் ஒரு தடவை குழாய்த் தண்ணியில கழுவி விடுங்க, கடலோரம்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பாத்திரம் தேய்க்கற சோப்பு, மெத்துன்னு ஒரு பிரஷ். பிரஷர் வாஷர் வேணாம், காரைக் கழுவிட்டு அப்படியே கதவுக்கும் ஒரு அடி அடிச்சு வலையை ஸ்ப்ளைன்லேருந்து உருவின ஆம்பளைங்க இந்தத் தெருவுலயே ரெண்டு பேரு இருக்காங்க.

கழட்டின பழைய வலையை என்ன பண்றது?

பூந்தொட்டி அடியில தண்ணி போற ஓட்டை மேல ஒரு துண்டு வச்சா மண்ணு வெளிய வராது. மிச்சத்தை கொத்தமல்லி, வெந்தயக்கீரை விதைச்ச பாத்தி மேல போட்டா குருவி கிளறாது, எங்க கறிவேப்பிலைக் கன்னு ரெண்டு வருஷம் அந்த வலைக்குள்ளதான் வளந்தது. வத்தல் வடகம் காய வைக்க மட்டும் ஃபைபர்கிளாஸ் வலையை எடுத்துடாதீங்க, பழசாகி உதிர்ற இழை சாப்பாட்டுல போகும். அத்தை ஒரு தடவை விரிச்சே விட்டாங்க, நான் பாத்து மொத்த வடகத்தையும் கொட்டச் சொன்னதுக்கு மூணு நாள் பேசலை.